பல்கலைக்கழக நூலகம் வழியாக இணையத்தில் இதழ்களும் நாளிதழ்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூகுளும் நாளிதழ்களின் சொந்தத் தளங்களும் இருக்கும்போது நூலகத்தின் வழியாக ஏன் போக வேண்டும்?

இன்று காலைச் செய்தியைப் படிக்க நூலகம் தேவையில்லை. நாளிதழின் தளமே போதும். ஆனால் பெரும்பாலான தளங்கள் சில கட்டுரைகளைப் படிக்கவிட்டுப் பிறகு சந்தா கேட்கின்றன. 1990-களின் நடுப்பகுதிக்கு முன் அச்சில் மட்டும் வந்த இதழ்கள் பல தளங்களில் இல்லவே இல்லை. அதற்குப் பின் வந்தவற்றிலும், தளத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய இணைப்புகள் அறுந்துபோகின்றன. வலைத்தளக் கட்டுரையை வெளியான பிறகும் ஆசிரியர் குழு திருத்தலாம் என்பதால், குறிப்பிட்ட நாளில் வாசகர் என்ன படித்தார் என்பதற்கு அது உறுதியான சான்றும் ஆகாது. நூலகம் சந்தா செலுத்தி வைத்திருக்கும் தரவுத்தளங்கள் இத்தேவைகளுக்காகவே உள்ளன. அந்தச் சந்தா உங்கள் கல்விக் கட்டணத்திலோ நிறுவனத்தின் நிதியிலோ ஏற்கெனவே அடங்கிவிட்டது. அதைப் பயன்படுத்தாமல் கட்டணச் சுவரின் முன் நின்று திரும்பிப்போகும் மாணவர்கள்தாம் அதிகம்.

தேடலை எங்கிருந்து தொடங்குவது? நூலக முகப்பில் இருக்கும் பெரிய தேடல் பெட்டி போதாதா?

பல நேரங்களில் போதாது. ப்ரைமோ, சம்மன், எப்ஸ்கோ டிஸ்கவரி போன்ற மென்பொருள்களால் இயங்கும் அந்தப் பெட்டி நூல்களையும் ஆய்விதழ்க் கட்டுரைகளையும் நன்றாகவே தேடித் தரும். செய்தித்தாள்களைப் பொறுத்தவரை அதன் பார்வை குறைவு. செய்திக் கட்டுரைகள் எண்ணிக்கையில் மிகுதி என்பதால், அவை மற்ற முடிவுகளை மூழ்கடித்துவிடாமலிருக்கச் சில நூலகங்கள் அவற்றை முதன்மைத் தேடலிலிருந்து விலக்கியோ தனித் தாவலில் ஒதுக்கியோ வைத்திருக்கின்றன. மேலும், சில தரவுத்தளங்களின் முழு உரை இந்தப் பொதுத் தேடலுக்குள் வருவதே இல்லை. பெட்டி 'முடிவுகள் இல்லை' என்று சொன்னால், அந்தப் பெட்டிக்குத் தெரிந்த இடங்களில் இல்லை என்பதே அதன் பொருள்.

ஆகவே, தேடத் தொடங்கும் முன் உங்கள் தேவை இரண்டில் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஓர் இதழின் குறிப்பிட்ட ஒரு நாள் வேண்டுமென்றால், 'இதழ்கள் அகரவரிசைப் பட்டியல்' அல்லது 'இதழ்த் தேடல்' என்ற பகுதிக்குப் போய் இதழின் பெயரை மட்டும் இடுங்கள்; கட்டுரைத் தலைப்பை அங்கே இடக்கூடாது. ஒரு பொருளைப் பற்றிப் பல இதழ்களில் என்ன வந்தது என்று பார்க்க வேண்டுமென்றால், 'தரவுத்தளங்கள்' பட்டியலில் 'செய்தித்தாள்கள்' என்ற பிரிவைத் திறந்து, பொருத்தமான தரவுத்தளத்துக்குள் நேரடியாக நுழைந்து தேடுங்கள். எந்த இதழ், எந்த ஆண்டுகள், எந்த வடிவில் என்பதை முதலில் தெரிந்துகொண்டு பிறகு சொல்லைத் தேடுபவருக்கு வேலை பாதியாகிவிடும். நடைமுறையில் பெரும்பாலோர் சொல்லிலிருந்தே தொடங்குகிறார்கள்.

குறிப்பிட்ட ஒரு நாளின் இதழைத் தேடும் முறையை ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்க முடியுமா?

ஆஸ்திரியாவை ஜெர்மனி தன்னோடு இணைத்துக்கொண்ட நிகழ்வைப் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் எப்படி எழுதியது என்று பார்க்க விரும்புகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். ஜெர்மன் படைகள் எல்லையைக் கடந்தது 1938 மார்ச் 12, இணைப்புச் சட்டம் வந்தது மார்ச் 13. அவை சனியும் ஞாயிறும். நாளிதழ்கள் முந்தைய நாளின் நிகழ்வுகளையே அச்சிடுகின்றன. கார்டியனுக்கு ஞாயிறு இதழும் இல்லை. எனவே வார இறுதிச் செய்தியை மார்ச் 14, திங்கட்கிழமை இதழில் எதிர்பார்க்க வேண்டும். நிகழ்வு நடந்த தேதியையே தேடல் பெட்டியில் இட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று பக்கத்தை மூடிவிடுவது மிகப் பரவலான தவறு.

அடுத்து, பெயர். அந்த நாளிதழ் 1821-இல் தொடங்கி 1959 வரை மான்செஸ்டர் கார்டியன் என்ற பெயரில்தான் வந்தது. சில பட்டியல்கள் பழைய பெயரையும் புதிய பெயரையும் தனித்தனிப் பதிவுகளாக வைத்திருக்கும். அங்கே கார்டியன் என்று மட்டும் தேடினால் 1938-க்கான வழி கண்ணில் படாது. சரியான பதிவைத் திறந்ததும், இதழின் பெயருக்குக் கீழே சில வரிகள் தெரியும். முதல் வரி ஒரு வரலாற்றுச் செய்தித்தாள் தரவுத்தளத்தின் பெயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கும் ஆண்டெல்லையும். அடுத்த வரி நெக்சிஸ் யூனி, 1980-களிலிருந்து இன்றுவரை. இன்னொரு வரி ப்ரெஸ்ரீடர், அண்மை இதழ்கள் மட்டும். அடைப்புக்குள் சின்ன எழுத்தில் இருக்கும் இந்த ஆண்டெல்லைதான் அந்தப் பக்கத்தின் உயிர். நமக்கு வேண்டியது 1938 என்பதால் முதல் வரியைத் தவிர மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. உள்ளே போனதும், சொற்களை இடாமல், 'இதழ்களைப் புரட்டு' என்ற வழியில் ஆண்டு, மாதம், நாள் என்று இறங்கி அன்றைய இதழைத் திறந்து, பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

ஒரே இதழ் இரண்டு மூன்று தரவுத்தளங்களில் இருந்தால் எதைத் திறப்பது?

அவை ஒரே பொருளின் நகல்கள் அல்ல. நெக்சிஸ் யூனி, ஃபேக்டிவா போன்றவை கட்டுரையின் எழுத்துகளை மட்டும் தருகின்றன. படம், கேலிச்சித்திரம், விளம்பரம், பக்க அமைப்பு எதுவும் இராது. ஆனால் அண்மைக் காலச் செய்திகளைச் சொல்வாரியாகத் துல்லியமாகத் தேட அவற்றை விஞ்ச முடியாது. ப்ரோக்வெஸ்ட் வரலாற்றுச் செய்தித்தாள்கள், கேல் நிறுவனத்தின் டைம்ஸ் டிஜிட்டல் ஆவணக்காப்பகம் போன்றவை அச்சுப் பக்கத்தையே படமாகத் தருகின்றன. நியூயார்க் டைம்ஸ் 1851 முதலும், லண்டன் டைம்ஸ் 1785 முதலும் இவ்வாறு கிடைக்கின்றன. ப்ரெஸ்ரீடர் போன்றவை இன்றைய இதழை அச்சில் உள்ளவாறே புரட்டிப் படிப்பதற்கானவை. பழைய இதழ்களுக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

எழுத்து வடிவத் தரவுத்தளத்தில் ஒரு கட்டுரை காணாமல் போவதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. நியூயார்க் டைம்ஸ் எதிர் டசினி வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல், சுதந்திர எழுத்தாளர்கள் அச்சு இதழுக்குக் கொடுத்த கட்டுரைகளை அவர்களின் அனுமதி இல்லாமல் தனித்தனிக் கட்டுரைகளாகத் தரவுத்தளங்களில் சேர்த்தது தவறு என்று தீர்ப்பளித்தது. அதன் விளைவாக, பதிப்பாளர்கள் ஏராளமான கட்டுரைகளைத் தரவுத்தளங்களிலிருந்து நீக்கினார்கள். இதழை முழுமையாக, அதன் சூழலோடு படம்பிடிக்கும் நுண்படச்சுருளை (மைக்ரோஃபிலிம்) நீதிமன்றம் வேறாகவே பார்த்தது. எனவே, 1980-கள், 1990-களைச் சேர்ந்த ஓர் அமெரிக்க நாளிதழ்க் கட்டுரை எழுத்து வடிவில் கிடைக்காவிட்டால், பக்கப் பட வடிவத்தையோ நுண்படச்சுருளையோ பாருங்கள். அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

பட்டியலில் இதழ் இருக்கிறது. ஆனால் இந்த ஆண்டின் கட்டுரை திறக்கவில்லை. ஏன்?

தடைக்காலம் காரணமாக இருக்கலாம். அச்சுச் சந்தா குறைந்துவிடக்கூடாது என்பதற்காகச் சில பதிப்பாளர்கள் புதிய இதழ்களின் முழு உரையைச் சில மாதங்களோ ஓராண்டோ கழித்தே தரவுத்தளங்களுக்குக் கொடுக்கிறார்கள். ஜேஸ்டோரில் இது 'நகரும் சுவர்' எனப்படுகிறது. அங்கே பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டு இடைவெளி இருக்கும். ஜேஸ்டோர் அடிப்படையில் ஆய்விதழ்களின் களஞ்சியம் என்பதால், நாளிதழ்களுக்காக அங்கே போவதில் பெரும்பாலும் பயனில்லை. சில இடங்களில் தலைப்பும் சுருக்கமும் மட்டும் இருக்கும். 'முழு உரை' என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இவை மறைந்துவிடும். ஆனால் அப்படி மறைத்துவிட்டால், வேறொரு தரவுத்தளத்தில் முழுமையாக இருக்கும் கட்டுரையின் தடயத்தையும் இழந்துவிடுவீர்கள். சுருக்கத்தின் அருகில் இருக்கும் 'முழு உரையைக் கண்டுபிடி' என்ற பொத்தான் அதற்காகத்தான். அது நூலகத்தின் மற்றச் சந்தாக்களில் அதே கட்டுரை இருக்கிறதா என்று பார்த்துக் கொண்டுபோய் விடும்.

வளாகத்துக்கு வெளியிலிருந்து திறந்தால் பணம் கேட்கிறது. என்ன செய்வது?

தரவுத்தளம் உங்களை அடையாளம் காண்பது பெரும்பாலும் உங்கள் கணினி இணையத்தில் இணையும் ஐபி முகவரியைக் கொண்டு. வளாகத்துக்குள் இருக்கும்போது கேள்வி கேட்காமல் திறக்கும் தளம், வெளியிலிருந்து போனால் உங்களை யாரோ ஒருவராகவே பார்க்கும். அதனால் நூலகத்தின் பக்கத்தில் உள்ள இணைப்பின் வழியாக நுழையுங்கள். ஈஸி ப்ராக்ஸி போன்ற மென்பொருள் உங்கள் பல்கலைக்கழகப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து, நூலகத்தின் முகவரியிலிருந்து வருபவராக உங்களைத் தரவுத்தளத்துக்குக் காட்டும். அப்போது முகவரிப் பட்டையில் தளத்தின் பெயரோடு உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சில நூலகங்கள் ஓப்பன்ஏதென்ஸ் அல்லது ஷிபொலத் முறையைப் பயன்படுத்துகின்றன. அங்கே தரவுத்தளத்தின் உள்நுழைவுப் பக்கத்தில் 'நிறுவனத்தின் வழியாக' என்பதைத் தேர்ந்து, பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும். வெளியில் இருக்கும் கணினியை வளாக வலைப்பின்னலோடு இணைக்கும் விபிஎன் வசதியைத் தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

கூகுளில் தேடித் தரவுத்தளத்தின் முகப்புக்கு நேராகப் போகாதீர்கள் என்பது மட்டும் எல்லா முறைகளுக்கும் பொருந்தும். அதேபோல், பிறகு படிப்பதற்காக முகவரிப் பட்டையில் தெரியும் நீண்ட முகவரியை நகலெடுத்து வைத்தால், மறுநாள் அது வேலை செய்யாமல் போகலாம். அது அந்த அமர்வுக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடும். கட்டுரைப் பக்கத்தில் 'நிலையான இணைப்பு' என்று தனியாக ஒன்று இருக்கும், அதையே எடுத்துவையுங்கள்.

நாளிதழின் தளத்திலேயே மாணவர்களுக்குக் கணக்கு தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது வேறா?

வேறு. சில பல்கலைக்கழகங்கள் நியூயார்க் டைம்ஸ், ஃபைனான்ஷியல் டைம்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் போன்றவற்றின் தளங்களுக்குக் குழுச் சந்தா வாங்கியிருக்கின்றன. நூலகப் பக்கத்தில் உள்ள இணைப்பின் வழியாகப் போய், பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொண்டு ஒருமுறை பதிவுசெய்தால், அதன் பிறகு கைப்பேசிச் செயலியிலும் படிக்கலாம். தனிப்பட்ட மின்னஞ்சலில் ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தப் பார்த்துக் குழம்புவார்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலில் புதிதாகத் தொடங்குவதே எளிது. உரிமம் காலாவதியானால் மீண்டும் பதிவுசெய்ய வேண்டும்.

தேதியும் சரி, பெயரும் சரி. ஆனாலும் கட்டுரை கிடைக்கவில்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

முதலில், அன்று இதழ் வெளிவந்ததா என்று பாருங்கள். தொழில் தகராறு காரணமாக லண்டன் டைம்ஸ் 1978 டிசம்பரிலிருந்து 1979 நவம்பர் வரை வெளிவரவே இல்லை; அந்த இடைவெளியில்தான் 1979 மே மாதம் பிரிட்டனின் பொதுத்தேர்தல் நடந்து மார்கரெட் தாட்சர் பிரதமரானார். அந்தத் தேர்தலைப் பற்றி டைம்ஸின் அன்றைய தலையங்கத்தைத் தேடுபவருக்கு எந்தத் தரவுத்தளமும் உதவ முடியாது. இரண்டாவது, பதிப்பு. பெரிய நாளிதழ்கள் ஒரே நாளில் பல பதிப்புகளை அச்சிட்டன; தரவுத்தளத்தில் இருப்பது பெரும்பாலும் அவற்றுள் ஒன்று. நூலொன்றின் அடிக்குறிப்பு ஆறாம் பக்கம் என்று சொல்லும் கட்டுரை, வேறொரு பதிப்பில் எட்டாம் பக்கத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

மூன்றாவது காரணம்தான் அடிக்கடி நேர்வது: எழுத்துணரி மென்பொருளின் பிழை. பக்கப் படங்களில் நாம் சொல்லைத் தேடும்போது உண்மையில் தேடப்படுவது, படத்தைப் பார்த்து மென்பொருள் ஊகித்து எழுதிய, நம் கண்ணுக்குப் பெரும்பாலும் காட்டப்படாத ஓர் உரை. மங்கிய மை, மடிப்பு, பின்பக்க எழுத்தின் நிழல், குறுகிய பத்திகள் எல்லாம் அந்த ஊகத்தைக் கெடுக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில இதழ்களில் 'எஸ்' எழுத்தின் நீண்ட வடிவம் 'எஃப்' போலவே இருக்கும் என்பதால், மென்பொருள் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடும். அக்கால இதழ்களில் தேடும்போது இரண்டு எழுத்துகளையும் மாற்றிமாற்றி இட்டுப் பார்க்க வேண்டும். வரி முடிவில் உடைபட்ட சொல்லும் தேடலில் தப்பிவிடும். தேதி உறுதியாகத் தெரிந்திருந்தால், தேடலை விட்டுவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள்களின் இதழ்களைக் கண்ணாலேயே புரட்டிவிடுவது விரைவான வழி. முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்: லண்டன் டைம்ஸ் 1966 மே மாதம் வரை முதல் பக்கத்தில் விளம்பரங்களைத்தான் அச்சிட்டது.

பழைய இதழ்களில் எந்தச் சொற்களைக் கொண்டு தேட வேண்டும்?

அந்தக் காலத்து மனிதர்கள் எழுதிய சொற்களைக் கொண்டு. 1915-இன் நாளிதழ்களில் 'முதலாம் உலகப் போர்' என்று எழுதும் வழக்கம் இல்லை; இரண்டாவது ஒன்று வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆங்கில இதழ்கள் அதை மாபெரும் போர் என்றோ ஐரோப்பியப் போர் என்றோ எழுதின. இலங்கை 1972 வரை ஆங்கிலத்தில் சிலோன், மும்பை பம்பாய், பீஜிங் பீக்கிங். ஆட்களின் பெயர்களிலும் இதே கவனம் வேண்டும். முழுப்பெயரை இடுவதை விட, முதலெழுத்துகளோடும் பட்டத்தோடும் குடும்பப் பெயரோடும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். திருமணமான பெண்களைப் பழைய ஆங்கில இதழ்கள் கணவரின் பெயராலேயே குறிப்பிடும் வழக்கம் இருந்தது.

தேடல் பெட்டியின் சில வழக்கங்களும் உதவும். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் இடலாம். சொல்லின் வேர்ப்பகுதியோடு நட்சத்திரக் குறியைச் சேர்த்தால் அதன் பல வடிவங்களும் கிடைக்கும். இரண்டு சொற்கள் ஒன்றுக்கொன்று அருகில் வர வேண்டும் என்று கேட்கும் வசதி செய்தித்தாள் தேடலில் மிகவும் பயனுள்ளது. முழுப் பக்கமும் ஒரே உரையாகக் கருதப்படும் தொகுப்புகளில், நீங்கள் தேடும் இரு சொற்களில் ஒன்று தலையங்கத்திலும் மற்றொன்று குதிரைப் பந்தய முடிவுகளிலும் இருந்தால்கூட அந்தப் பக்கம் முடிவாக வந்து நிற்கும். அருகமைத் தேடலுக்கான கட்டளை தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும். 'உதவி' பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயிரக்கணக்கில் முடிவுகள் வந்தால்?

தேதியைச் சுருக்குங்கள், பிறகு கட்டுரை வகையைத் தேர்ந்தெடுங்கள். செய்தி, தலையங்கம், வாசகர் கடிதம், விளம்பரம், மரண அறிவிப்பு என்று பிரித்துத் தரும் தரவுத்தளங்களில் இது ஒன்றே முடிவுகளைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிடும். ராய்ட்டர்ஸ், ஏபி போன்ற செய்தி நிறுவனங்களின் ஒரே செய்தியைப் பல இதழ்கள் வெளியிடுவதால், ஐம்பது முடிவுகள் உண்மையில் ஒரே கட்டுரையாகவும் இருக்கலாம். நெக்சிஸ் யூனியில் ஒத்த முடிவுகளை ஒன்றாகக் குழுவாக்கும் வசதி உண்டு. ஐம்பது இதழ்கள் ஒரே கருத்தைச் சொல்கின்றன என்று ஆய்வேட்டில் எழுதுவதற்கு முன், அந்த ஐம்பதும் ஒரே தந்தியிலிருந்து வந்தவையா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

தமிழ் இதழ்களை இதே முறையில் தேட முடியுமா?

பட்டியலில் இதழைக் கண்டுபிடிப்பது வரை முறை ஒன்றே. ஆனால் உலகப் பல்கலைக்கழகங்களின் நூற்பட்டியல்களில் தமிழ் இதழ்களின் பெயர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், குறில் நெடில் குறிகளோடு பதிவாகியிருக்கின்றன. தமிழில் தட்டச்சு செய்து கிடைக்காவிட்டால், அந்த எழுத்துப்பெயர்ப்பில் ஒருமுறை தேடுங்கள். சுதேசமித்திரன் போன்ற பெயர்களைப் பேச்சு வழக்கில் ஆங்கிலத்தில் எழுதும் முறை ஒன்றும், நூலக முறை வேறொன்றுமாக இருக்கும். இரண்டையும் முயல வேண்டும். அதைவிடப் பாதுகாப்பான வழி, இதழ்களுக்கு உலக அளவில் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். இருந்தால் அதைக் கொண்டு தேடுவது. எட்டு இலக்கங்கள் கொண்ட இந்த எண் எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அச்சு வடிவத்துக்கு ஒன்றும் மின்வடிவத்துக்கு வேறொன்றும் தரப்பட்டிருக்கலாம் என்பதையும், பழைய இதழ்கள் பலவற்றுக்கு இந்த எண்ணே இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இதழுக்குள் சொல்லைத் தேடுவதுதான் கடினம். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான இதழ்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் வடிவம் வேறு. இன்றைய எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்ட எழுத்துணரி அங்கே தடுமாறும். இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் வெளியான மின்னிதழ்களிலும் கோப்புகளிலும் இன்னொரு தொல்லை உண்டு. யூனிகோடு பரவும் முன் டாப், டாம், டிஸ்கி, பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் எழுதப்பட்டவை அவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் பிடிஎஃப் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்து விழும். அத்தகைய கோப்பில் யூனிகோடில் தட்டச்சு செய்து தேடினால் எதுவும் கிடைக்காது. ஆகவே தமிழ் இதழ்களைப் பொறுத்தவரை, முழு உரைத் தேடலை நம்பாமல், பொருளடக்கத்தையும் தேதியையும் கொண்டு புரட்டுவதே இன்றைக்கும் நம்பகமான முறை.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் மின்னூலகம், இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் மின்னூலகம், ஜேஸ்டோரில் கட்டணமின்றித் திறந்திருக்கும் தெற்காசியத் திறந்த ஆவணக்காப்பகம் ஆகியவை பார்க்க வேண்டிய இடங்கள். இவற்றுள் பல உங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் தேடலுக்குள் வராது என்பதால் தனித்தனியாகவே போக வேண்டும்.

சந்தா இல்லாமலே கிடைக்கும் வேறு தொகுப்புகள் உண்டா?

உண்டு, அவற்றின் தரம் பல கட்டணத் தொகுப்புகளுக்குக் குறைந்ததல்ல. அமெரிக்க நாளிதழ்களுக்குக் காங்கிரஸ் நூலகத்தின் குரோனிக்ளிங் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுக்கு அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் ட்ரோவ், நியூசிலாந்துக்குப் பேப்பர்ஸ் பாஸ்ட், பிரான்சுக்குக் கல்லிக்கா. ட்ரோவில் எழுத்துணரியின் பிழைகளை வாசகர்களே திருத்தலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. படத்தின் பக்கத்திலேயே உரை வரிவரியாகத் தெரியும், தவறான வரியைத் தொட்டுத் திருத்திவிடலாம், அடுத்து வருபவருக்குத் தேடலில் அது கிடைக்கும். பிரிட்டிஷ் நூலகத்தோடு இணைந்து 2011-இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் செய்தித்தாள் ஆவணக்காப்பகம் கட்டணத் தளம்தான். ஆனால் தேடிப் பார்ப்பது இலவசம். எந்த இதழில் எந்த நாளில் என்று அங்கே தெரிந்துகொண்டு, பக்கத்தை உங்கள் நூலகத்தின் வழியாகப் பெற முயலலாம். லைஃப் வார இதழின் 1936 முதல் 1972 வரையிலான பிரதிகளைக் கூகுள் புக்ஸில் முழுமையாகப் படிக்கலாம்.

வார, மாத இதழ்களைத் தேடுவதில் ஏதேனும் வேறுபாடு உண்டா?

பெரிய வேறுபாடு இல்லை. இதழ்த் தரவுத்தளங்களில் வெகுசன இதழ்களும் ஆய்விதழ்களும் கலந்தே வரும் என்பதால், 'சக மதிப்பீடு செய்யப்பட்டவை' என்ற வடிகட்டி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் வெகுசன இதழ் எதுவும் வராது. அட்டையின் தேதியும் கடைக்கு வந்த தேதியும் வேறாக இருப்பது மாத இதழ்களின் வழக்கம், ஆகவே ஒரு மாதம் முன்னும் பின்னும் சேர்த்துத் தேடுங்கள். விளம்பரங்களையும் உடை, அழகு போன்றவற்றின் வரலாற்றையும் ஆய்பவர்களுக்குப் பக்கப் படம் கட்டாயம். 1892-இலிருந்து தொடங்கும் வோக் ஆவணக்காப்பகம் போன்றவை அதற்காகவே விளம்பரங்களையும் தனித்தனியே பட்டியலிட்டிருக்கின்றன.

எங்கள் நூலகத்தில் அந்த இதழே இல்லை என்றால்?

நூலகங்களுக்கிடையிலான இரவல் சேவைக்கு விண்ணப்பியுங்கள். வேறொரு நூலகம் அந்தக் கட்டுரையை வருடி பிடிஎஃப் கோப்பாக அனுப்பும். சில நாள்கள் ஆகலாம். இதழின் பெயர், தேதி, பக்கம், கட்டுரைத் தலைப்பு ஆகியவை தெளிவாக இருந்தால்தான் விண்ணப்பம் நகரும். '1920-களில் வந்த ஏதோ ஒரு கட்டுரை' என்ற விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். நுண்படச்சுருளையும் மறந்துவிட வேண்டாம். இணையத்தில் ஏறாத இதழ்கள் இன்னும் ஏராளம். வருடும் வசதியுள்ள கருவிகள் பல நூலகங்களில் இருக்கின்றன. சுருளை மாட்டி வேண்டிய பக்கத்தை நிறுத்தினால், அங்கேயே கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கட்டுரைகளைப் பதிவிறக்கலாம்?

படிப்புக்கும் ஆய்வுக்கும் தேவையானவற்றை ஒவ்வொன்றாக எடுப்பதில் தடையில்லை. மென்பொருள் எழுதி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் இறக்குவதை உரிமங்கள் தடுக்கின்றன. அப்படிச் செய்தால் தரவுத்தளம் அந்த முகவரியைத் தானாகவே முடக்கும். எல்லாரும் ஒரே ப்ராக்ஸி வழியாக வருவதால், ஒருவர் செய்ததற்குப் பல்கலைக்கழகம் முழுவதும் வெளியே நிற்க நேரிடும். பல்லாயிரம் கட்டுரைகளைக் கணினியால் பகுத்தாய்வது உங்கள் திட்டமென்றால், அதற்கெனத் தனி அனுமதியும் தனித் தளமும் தரும் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். நூலகரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பிடுவது?

இதழின் அன்றைய பெயர், முழுத் தேதி, கட்டுரைத் தலைப்பு, தெரிந்தால் எழுதியவர் பெயர், பக்க எண், பதிப்பு தெரிந்தால் அதுவும். அதன் பிறகு, நீங்கள் பார்த்த தரவுத்தளத்தின் பெயர். கடைசியில் உள்ளதைப் பலர் தேவையற்றது என்று விட்டுவிடுகிறார்கள். நான் அதை வலியுறுத்துவேன். எழுத்து வடிவத்தில் படித்தவருக்குக் கட்டுரையின் பக்கத்தில் இருந்த படமோ, தலைப்பின் பருமனோ, அது பக்கத்தின் மூலையில் இருந்ததா நடுவில் இருந்ததா என்பதோ தெரியாது. எதைப் பார்த்து எழுதினீர்கள் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். தரவுத்தளங்கள் தானாக உருவாக்கித் தரும் மேற்கோள் வரியை அப்படியே ஒட்டாதீர்கள். 1938-இன் கட்டுரைக்கும் இதழின் இன்றைய பெயரை இட்டுவிடுவது அவற்றின் வழக்கம்.

படிப்பு முடிந்த பிறகும் இவற்றைப் பயன்படுத்த முடியுமா?

வெளியிலிருந்து நுழையும் உரிமை பெரும்பாலும் பயனர் கணக்கோடு முடிந்துவிடும். சில நூலகங்கள் முன்னாள் மாணவர்களுக்காகச் சில தரவுத்தளங்களை மட்டும் தனியே வாங்குகின்றன. அந்தப் பட்டியல் சிறியது. ஆனால் பல உரிமங்கள், நூலகக் கட்டடத்துக்குள் நேரில் வரும் பொதுமக்கள் அங்குள்ள கணினியில் தரவுத்தளங்களைப் பார்க்க இடம் தருகின்றன. அடையாள அட்டை வேண்டுமா, முன்பதிவு வேண்டுமா என்பதை நூலகத்தின் விதிமுறைப் பக்கத்தில் பாருங்கள். நிலையான இணைப்புகளை மட்டும் சேமித்து வைத்திருப்பவர்கள், கணக்கு மூடப்படும் முன், தேவையான கட்டுரைகளின் பிடிஎஃப் கோப்புகளையும் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு போன பிறகு அந்த இணைப்புகள் உள்நுழைவுப் பக்கத்தைத் தாண்டி உங்களை விடமாட்டா.

எதுவும் சரிவராதபோது நூலகரிடம் என்ன கேட்பது?

எதைத் தேடுகிறீர்கள் என்பதோடு, எங்கே எப்படித் தேடினீர்கள் என்பதையும் எழுதுங்கள். 'இந்தத் தகவல் கிடைத்தது இந்த நூலின் இந்த அடிக்குறிப்பில்; இந்தத் தரவுத்தளத்தில் இந்தச் சொற்களைக் கொண்டு, இந்தத் தேதிகளுக்குள் தேடினேன்; வந்த பிழைச் செய்தி இது' என்று எழுதினால், பதில் பெரும்பாலும் முதல் மடலிலேயே வந்துவிடும். பிழைச் செய்தி தெரியும் திரையை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து அனுப்பும்போது முகவரிப் பட்டையும் அதில் தெரியுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கோளாறு உங்கள் உள்நுழைவிலா, நூலகத்தின் இணைப்பிலா, தரவுத்தளத்திலா என்பதை நூலகர் பெரும்பாலும் அந்த முகவரியைப் பார்த்தே சொல்லிவிடுவார்.